முப்பத்தொரு நிமிடம்

பிராட்ஹில் பண்ணை,
ரான்ஃபர்லி, நியூசிலாந்து
11 செப்டம்பர் 1966

அன்புள்ள தம்பி மர்டோக்குக்கு,

நானும் ராபினாவும் நலம். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. நேற்றுப் பனியில் நான்கு குட்டிகள் போயின, மற்றவை தேறிவிடும். உன் கப்பல் பட்டறையில் வேலை எப்படி? போன மாதம் வெல்டிங் தீப்பொறி பட்ட கண் சரியாகிவிட்டதா? அதைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை என்று ராபினா குறைப்படுகிறாள்.

ஒரு சேதி. படித்துவிட்டுச் சிரிக்காதே. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டேன். ஒமாருவில் ஒரு டாக்டர் வைத்திருந்த டிரயம்ப், கூரையில்லாத இரண்டு சீட் வண்டி, கரும்பச்சை. ஊரே என்னைப் பைத்தியம் என்கிறது. ஆட்டுக்காரனுக்கு இது எதற்கு, தீவன மூட்டையை எங்கே வைப்பாய் என்று பாதிரியார்கூடக் கேட்டுவிட்டார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எங்களுக்கென்று நாங்கள் வாங்கிய ஒரே உபயோகமற்ற பொருள் இதுதான் என்று ராபினா அவருக்குப் பதில் சொன்னாள்.

உன் மோட்டார் சைக்கிள் டேங்கில் இருக்கும் அதே பெயர்தான் இதன் பானட்டிலும். பெயரில் இனி உன்னைவிட நான் குறைந்தவன் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
ஃபின்லே


வயாலா, தென் ஆஸ்திரேலியா
2 அக்டோபர் 1966

அன்புள்ள அண்ணனுக்கு,

உனக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். கண் சரியாகிவிட்டது என்று அண்ணியிடம் சொல். இரண்டு நாள் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

சிரிக்காதே என்றாய். பட்டறையில் உன் கடிதத்தைச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். என்னோடு வேலை செய்யும் யூகோஸ்லாவியன் ஜ்வோன்கோ, "உங்க அண்ணனுக்கு நாப்பது வயசாச்சா?" என்று கேட்டான். முப்பத்தெட்டு என்றேன். "அப்ப நாப்பது வயசுக் கிறுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு, பாவம்" என்றான்.

பெயர் ஒன்றாக இருந்தால் போதுமா, அண்ணா? கார் என்பது நகரும் வரவேற்பறை. நீ சோபாவில் உட்கார்ந்திருக்கிறாய், வெளியே ஊர் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளில் நீயும் ஊருக்குள் இருக்கிறாய். வளைவு வந்தால் உடம்பை அதன் கையில் கொடுத்துவிட வேண்டும். போன ஞாயிறு ஃபிளிண்டர்ஸ் மலைப்பக்கம் போனேன். மழை பெய்த செம்மண் வாசனை முதலில் வந்தது, மலை அப்புறம்தான் வந்தது. உன் கண்ணாடிக்குப் பின்னால் அது வருமா?

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். டாசன் கணவாய், இருபத்திரண்டு மைல், சரளை ரோடு, அப்பாவின் பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் நான். முப்பத்தொரு நிமிடம். பன்னிரண்டு வருடமாக அதை யாரும் தொடவில்லை. உன் பச்சை சோபா தொடட்டும், பார்க்கலாம்.

அண்ணிக்கு என் அன்பு.

தம்பி,
மர்டோக்


பிராட்ஹில்
30 அக்டோபர் 1966

அன்புள்ள மர்டோக்குக்கு,

நலம். உன் நலமும் அப்படியே என்று நம்புகிறேன். ஜ்வோன்கோவுக்கு என் விசாரிப்பைச் சொல். முப்பத்தெட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

சோபா என்று எழுதியவனை இந்த வண்டியில் ஒரு தடவை உட்கார வைக்க வேண்டும். ரோடு உன் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் ஓடும். கதவுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டால் புல்லைப் பிடுங்கலாம். மோட்டார் சைக்கிளில் நீ ரோட்டிடம் கெஞ்சுகிறாய், மழைத்துளிக்கும் மணலுக்கும் சலுகை கேட்கிறாய். இதில் நாலு சக்கரமும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நான் சொல்கிற இடத்துக்குப் போகின்றன. பின்பக்கம் லேசாக நழுவும், ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினால் திரும்ப வந்து நிற்கும். அந்த ஒரு விரலில் இருக்கிறது எல்லாம். உனக்கு எழுதிப் புரியவைக்க முடியாது.

கம்பளி கத்தரிப்பு முடியட்டும். டிசம்பர் முதல் வாரத்தில் உன் முப்பத்தொன்றைப் பார்க்கிறேன்.

கீழே ராபினா எழுதுகிறாள்.

உன் அண்ணன்,
ஃபின்லே

மர்டோக், கடிகாரம் என் கையில்தான் இருக்கும். அதனால் ஏமாற்று நடக்காது. நீ இப்போதே ஒரு நல்ல தோல்விக் கடிதம் எழுதி வைத்துக்கொள். — ராபினா


வயாலா
15 ஜனவரி 1967

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன், கிடைத்ததா? புத்தாண்டும் போய்விட்டது. இங்கே நிழலில் நூற்றுப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட். கப்பலின் இரும்புத் தகட்டில் முட்டை பொரித்துக் காட்டினான் ஜ்வோன்கோ.

உங்களிடமிருந்து இரண்டரை மாதமாக ஒரு எழுத்து இல்லை. காரணம் எனக்குத் தெரியும். எத்தனை நிமிடம், அண்ணா? நாற்பதா, நாற்பத்தைந்தா? வெட்கப்படாமல் சொல். அண்ணி, நீங்களாவது உண்மையை எழுதுங்கள். கடிகாரம் உங்கள் கையில்தானே இருந்தது?

தோற்றவன் எழுத மாட்டான் என்பதால் ஜெயித்தவன் எழுதுகிறேன்.

மர்டோக்


பிராட்ஹில்
5 மார்ச் 1967

மர்டோக்குக்கு,

உன் கடிதங்கள் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

கம்பளி இந்த வருடம் சுமார். விலை இறங்கிவிட்டது. கீழ்ப் பக்கத்து வேலியை மாற்றினேன். பிப்ரவரி முழுவதும் மழை இல்லை. நாய் கெய்ட் குட்டி போட்டிருக்கிறது, ஆறு.

காரை விற்றாகிவிட்டது.

நீ வண்டியில் போகும்போது கவனமாகப் போ.

ஃபின்லே


வயாலா
26 மார்ச் 1967, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஆறேழு தடவை படித்துவிட்டேன். நாய் போட்ட குட்டிகள் எத்தனை என்று எழுதியிருக்கிறாய். அண்ணியின் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. ஒன்பது வருடமாக நீ எழுதிய எந்தக் கடிதமும் இப்படி இருந்ததில்லை. கத்தரிப்புச் சமயத்தில் கை வீங்கி நீ எழுத முடியாதபோதுகூட நீ சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள்.

அவள் உன்னை விட்டுப் போய்விட்டாளா? இல்லை, அதைவிட மோசமாக ஏதாவதா? காரை ஏன் விற்றாய்?

நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு வரி போதும்.

பட்டறை நண்பர்கள் எல்லோரும் ஈஸ்டர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அறையிலேயே இருக்கிறேன்.

உன் தம்பி,
மர்டோக்


பிராட்ஹில்
14 மே 1967

அன்புள்ள மர்டோக்,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதப் போவதில் அதற்கு இடம் இருக்காது.

நான் அவரை விட்டுப் போகவில்லை. போகவும் முடியாது, வேடிக்கையாகச் சொன்னால். என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். அப்படி ஒரு வெயில், அப்படி ஒரு நீலம். ஓடையைத் தாண்டும் இடத்துக்குப் பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டோம். அதற்கு அடுத்தது, இடது பக்கம் பாறையை வெட்டிப் போட்டிருக்கும் அந்த வலது வளைவு. வண்டி பின்பக்கம் நழுவியது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார், வண்டி திரும்பி வரவில்லை. பாறை என் கதவுக்குள் வந்துவிட்டது. அவருக்கு நெற்றியில் நாலு தையல். அவ்வளவுதான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

டனீடன் ஆஸ்பத்திரியில் பத்து வாரம் இருந்தேன். உன் ஜனவரிக் கடிதம் அங்கேதான் வந்தது. அவர் படித்துக் காட்டவில்லை. கோட்டுப் பையிலிருந்து நானே எடுத்துப் படித்தேன். நீ வருந்தாதே. உனக்கு எப்படித் தெரியும்?

இப்போது நான் எழுத வந்ததை எழுதுகிறேன். கான்ஸ்டபிள் என் படுக்கை அருகில் வந்து நின்றபோது, நான் வாய் திறக்கும் முன் ஃபின்லே சொன்னார்: "அவ மெதுவாப் போகச் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான்தான் கேக்கல."

அது பொய், மர்டோக். நான் மெதுவாகப் போகச் சொல்லவில்லை. ஓடையில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடு ஃபின், உன் தம்பி மூஞ்சில கரியப் பூசிடலாம்" என்று சொன்னேன். நான் சொன்ன பிறகுதான் அவர் இன்னும் அழுத்தினார்.

எனக்காக அவர் சொன்ன பொய்யை நான் மறுக்கவில்லை. வலியில் இருந்தேன் என்று முதல் வாரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் வலி குறைந்தது, அப்போதும் மறுக்கவில்லை. கோர்ட்டில் ஆறு மாதத்துக்கு லைசென்ஸைப் பிடுங்கினார்கள். என் அம்மா வாரம் ஒரு தடவை வருகிறாள், அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் இருக்கும் அறையில் டீகூடக் குடிப்பதில்லை. தேவாலயத்தில் அவர் பக்கத்துப் பெஞ்சு காலியாக இருக்கிறது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், எனக்குச் சூப் வைக்கிறார், என் காலுக்கு மருந்து போடுகிறார், தரையைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் எழுத முடிகிறது. பதில் என்ன எழுதுவாய் என்று தெரியவில்லை. எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ராபினா


வயாலா
4 ஜூன் 1967

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

அண்ணி எழுதியிருந்தாள். என்ன எழுதினாள் என்பதை அவளிடமே கேள். அது அவள் சொல்ல வேண்டியது. நான் சொல்ல வேண்டியது வேறு.

அந்த முப்பத்தொரு நிமிடம். அன்றைக்குக் கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கடையில் மணி பார்த்துக் கிளம்பி, நம் வீட்டு வாசலில் மணி பார்த்தேன். நாற்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. நடுவில் கால் மணி நேரம் நான் ரோட்டில் இல்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கே என்று சொல்கிறேன். பாறை வெட்டிய அந்த வளைவு. நீ போன திசைக்கு எதிர்த்திசையில் வந்தேன். அந்த இடத்தில் ரோடு பாறைப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஆட்டு லாரி வேகத்தில் போகிறவனுக்கு அது தெரியாது. வேகமாக வந்தால் காலுக்கடியில் யாரோ பாயை இழுத்த மாதிரி இருக்கும். வண்டி என்னைக் கேட்காமல் பாறைக்குப் போயிற்று. முழங்கையும் கைப்பிடியும் உரசின, எப்படியோ வெளியே வந்துவிட்டேன். நிறுத்தினேன். வாந்தி எடுத்தேன். வண்டியில் மறுபடி ஏற மனம் வரும் வரை உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நீ வாசலில் நின்று "எவ்ளோ ஆச்சுடா?" என்று கேட்டபோது அந்தக் கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டுச் சொன்னேன். முழங்கைக் காயத்துக்கு முள்வேலி என்று சொன்னேன்.

பன்னிரண்டு வருடம் அந்த எண்ணை வைத்து உன்னைக் கேலி செய்தேன். அந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்டோபரில் எழுதும்போது கூட ஞாபகம் வந்தது, அண்ணா. எழுதவில்லை. எழுதினால் நான் பயந்ததையும் எழுத வேண்டியிருக்கும்.

மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் இருக்கிறோம், உடம்பைக் கொடுத்துவிடுகிறோம் என்றெல்லாம் எழுதினேனே. பயத்தை மறைத்து எழுதியது எல்லாம் பொய்தான். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இந்த மாதம் விற்றுவிடுவேன்.

மர்டோக்


2 ஜூலை 1967

மர்டோக்,

உன் கடிதம் வந்தது. படித்தேன்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

ஃபின்லே


பிராட்ஹில்
20 ஆகஸ்ட் 1967

அன்புள்ள மர்டோக்,

நலமா? குளிர் விடவில்லை. செயற்கைக் கால் வந்துவிட்டது. காலையில் அதை மாட்டும்போது பக்கத்து வீட்டுக்காரருடைய பூட்ஸை மாட்டுவது போல இருக்கிறது. ஊன்றுகோல் இல்லாமல் கோழிக்கூண்டு வரை போய்வருகிறேன்.

உன் கடிதத்தை அவர் என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். மூன்று நாள் பேசவில்லை. எதற்குக் கோபம் என்று அவருக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். ஆனால் நீ எழுதிவிட்டாய், நான் மட்டும் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

போன புதன்கிழமை அம்மா வந்தாள். சீஸ் ரோல் சுட்டு வைத்தேன், டீ ஊற்றினேன், சொல்லிவிட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவன் எங்க?" என்று கேட்டாள். பட்டியில் என்றேன். என் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து போனாள். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன்.

"எட்டு மாசமா என்னை முட்டாளாக்கிட்டியே, ஃபின்லே."

அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை.

"போதும். உள்ள வா. டீ ஆறுது."

மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அம்மா அவர் தட்டில் இரண்டாவது ரோலை வைத்தாள்.

அம்மா போன பிறகுதான் சண்டை. "ஏன் சொன்ன? உனக்குன்னு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "அதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டு நீ என் பக்கம் திரும்பவே மாட்டேங்கிறியே, அது எனக்கு வேண்டாம்" என்றேன்.

கான்ஸ்டபிளிடமும் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் மாறாதும்மா. ஸ்டியரிங் அவர் கையிலதான இருந்துச்சு" என்றார். அது உண்மைதான். நான் மறுக்கவில்லை.

லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. அவர் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். மளிகைக்கு அடுத்த பண்ணைக்காரர் போகிறார். மாதம் ஒரு தடவை நான் ஊரைப் பார்க்கிறேன், அதுவும் அந்தப் பண்ணைக்காரர் தயவில். எனக்குக் கால் போனதைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

அவர் எழுதாதே என்றது அவருக்குத்தான். எனக்கு நீ எழுதலாம்.

அன்புடன்,
ராபினா


பிராட்ஹில்
15 அக்டோபர் 1967

அன்புள்ள தம்பி மர்டோக்குக்கு,

நீ நலமா? சாப்பாடெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? நாங்கள் இருவரும் நலம். இந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் உனக்கு எழுதிய இரண்டு வரியை இதுவரை என்னால் மறக்க முடியவில்லை. நீ பொய் சொன்னதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைத்திருப்பாய். அதற்கில்லை. அந்தப் பொய் எண்ணைப் பார்த்து நான் பன்னிரண்டு வருடம் பொறாமைப்பட்டேன். என் தம்பி ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டான், நான் ஆட்டைப் பார்த்துக்கொண்டு அதைத் தொடாமலே போய்விடுவேன் என்று நினைத்தேன். நீயும் வாந்தி எடுத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாய் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், நான் அந்தக் காரையே வாங்கியிருக்க மாட்டேன் என்று தோன்றியது. அதனால்தான் கோபம். அப்புறம் அதுவும் பொய் என்று பட்டது. வாங்கியிருப்பேன்.

நாம் எழுதிக்கொண்டோமே, வண்டியா காரா என்று. ஒன்றை நான் எழுதவில்லை. அப்போது எனக்கே தெரியாது. மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவள் முகம் தெரியாது. காரில் தெரியும். ஓடையைத் தாண்டியதும் ராபினா பக்கம் ஒரு தடவை திரும்பினேன். தலைத்துணி அவிழ்ந்து, முடியெல்லாம் வாயில் சிக்கி, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு முழுவதும் நான் பார்த்ததில் அதுதான் அழகு. வளைவு வரும்போது நான் ரோட்டைப் பார்க்கவில்லை, மர்டோக். காரணம் உன் எண்ணும் இல்லை, ரோட்டின் சாய்வும் இல்லை, அவள் சொன்ன வார்த்தையும் இல்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கான்ஸ்டபிளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பார்த்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். போன வாரம்தான் அவளிடம் சொன்னேன். அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம், "இத முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்ளோ நாள் வேற மாதிரி படுத்துத் தூங்கியிருப்பேன்" என்றாள்.

உன் மோட்டார் சைக்கிளை விற்காதே. விற்றுவிட்டால் இன்னொன்று வாங்கு. நீ அதை விடுவதால் இங்கே யாருக்கும் எதுவும் திரும்பி வரப் போவதில்லை. ஆனால் பயந்தால் பயந்தேன் என்று எழுது. கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. ராபினாவின் அம்மா உனக்கென்று ஒரு ஆட்டுத்தொடையை இப்போதே ஒதுக்கிவிட்டாள்.

நேற்று டிராயரைத் திறந்தேன். லாரியை எடுத்தேன். ராபினா பக்கத்தில் ஏறி உட்கார இரண்டு நிமிடம் ஆயிற்று, கை கொடுக்க விடவில்லை. ஊர் வரைக்கும் பதினாலு மைல். இருபத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. பின்னால் கம்பளி லாரி ஒன்று ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போய் எங்களைத் தாண்டிப் போயிற்று. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் இருக்கிறாளா என்று மூன்று நான்கு தடவை திரும்பிப் பார்த்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு, ஃபின்" என்றாள். "நான் எங்கயும் போயிடல."

உன் அண்ணன்,
ஃபின்லே